தீவிர சிகிச்சைக்குப் பின் வரும் தசைத் தளர்ச்சி: நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒருவர் உயிர் மீண்டு பொதுப் பிரிவுக்கு மாற்றப்படும் நாள், குடும்பத்திற்குப் பெருமகிழ்ச்சி தரும் நாள். ஊருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்கிறார்கள். நேர்ந்துகொண்ட கோயிலுக்குப் போக நாள் பார்க்கிறார்கள். மறுநாள் காலையில்தான் ஓர் ஐயம் தலைதூக்குகிறது. காய்ச்சல் இல்லை. மூச்சுத் திணறல் இல்லை. இரத்தப் பரிசோதனைகளும் சீராக உள்ளன. ஆயினும் நோயாளியால் தண்ணீர்த் தம்ளரைக் கையில் ஏந்த முடியவில்லை. தாமாகப் புரண்டு படுக்க முடியவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்குவதே பெரும்பாடாக இருக்கிறது.

“எல்லாம் சரியாகிவிட்டது என்றால் அப்பா ஏன் எழுந்து உட்கார மாட்டேன் என்கிறார்?” என்று மகன் கேட்கிறார். “பாவம், களைத்துப் போயிருக்கிறார், படுத்திருக்கட்டும்” என்று மனைவி சொல்கிறார். இரண்டு சொற்களும் அன்பிலிருந்து வருபவை. இரண்டிலும் ஒரு பிழை இருக்கிறது. நோயாளி எழ மறுக்கவில்லை. எழ இயலாத நிலையில் இருக்கிறார். படுத்தே இருந்தால் அந்த இயலாமை கூடுமே தவிரக் குறையாது.

இந்நிலை மருத்துவ உலகம் நன்கறிந்த ஒரு நோய். இதற்குக் காரணங்கள் உண்டு. கண்டறியும் முறை உண்டு. மீளும் வழியும் உண்டு. அவ்வழியில் மருந்தைவிட மிகுதியாகப் பயன்படுபவை இயன்முறைச் சிகிச்சையும், தக்க உணவும், உடனிருப்போரின் பொறுமையுமே. அவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

கோவை கற்ற பாடம்

2021ஆம் ஆண்டு மே மாதத்தைக் கோவை மாவட்டம் எளிதில் மறக்காது. கொரோனா இரண்டாம் அலையின்போது, அம்மாத இறுதியில், ஒரே நாளில் பதிவான புதிய தொற்றுகளின் எண்ணிக்கையில் சென்னையையும் கோவை விஞ்சியது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை கொரோனா சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கொடிசியா வளாகத்தில் படுக்கைகள் போடப்பட்டன. ஆக்சிஜன் படுக்கைக்காக உறவினர்கள் ஊர் ஊராக அலைந்த காலம் அது.

அன்று கடும் நுரையீரல் அழற்சிக்கு ஆளானோர் பலர் வாரக்கணக்கில் வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தனர். கருவியோடு உடல் ஒத்துழைப்பதற்காக அவர்களுக்கு ஆழ்ந்த மயக்க மருந்து தரப்பட்டது. அழற்சியை அடக்க ஸ்டீராய்டு மருந்து தேவைப்பட்டது. அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் சர்க்கரை நோய் மிகுந்த நம் பகுதியில், பலருக்கு இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தியது. நுரையீரல் தேறிய பின்னரும் அவர்களுள் பலரால் உடனே நடக்க இயலவில்லை. தறி ஓட்டியவரும், தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவரும், கழிப்பறைக்குச் செல்ல இருவர் துணை வேண்டும் என்ற நிலையில் வீடு திரும்பினர்.

அதனைக் கொரோனாவுக்கே உரிய பின்விளைவு என்று பலரும் எண்ணினர். அது முழு உண்மையன்று. கிருமி நச்சு இரத்தத்தில் பரவும் செப்சிஸ், கடும் டெங்கு, உண்ணிக் காய்ச்சல், கணைய அழற்சி, பெரிய அறுவை சிகிச்சை, நெடுஞ்சாலை விபத்து என எக்காரணத்தால் ஒருவர் நெடுநாள் தீவிர சிகிச்சையில் இருக்க நேர்ந்தாலும் இதே தளர்ச்சி வரலாம். கொரோனாக் காலத்தில் ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் அதைக் கண்டன என்பதே வேறுபாடு.

தசைத் தளர்ச்சியும் தீவிர சிகிச்சையும்

தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பே ஒரு தசைத் தளர்ச்சி நோயிலிருந்து பிறந்தது. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கலாம் என்று பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் காட்டினார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் கையாலேயே பையை அழுத்தி நோயாளிகளைக் காத்தனர். கையின் இடத்தை நாளடைவில் கருவி எடுத்துக்கொண்டது.

அக்கருவிகளால் முன்பு இறந்திருக்கக் கூடியவர்கள் பிழைத்தனர். பிழைத்தவர்களிடம் புதியதொரு சிக்கல் தென்பட்டது. 1984ஆம் ஆண்டு கனடா நாட்டு ஒண்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில், சார்லஸ் போல்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 5 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்கள் கடும் நோயிலிருந்து தேறியவர்கள். ஆனால் கருவியை நீக்கினால் தாமாக மூச்சுவிட முடியவில்லை. கை கால்களும் துவண்டிருந்தன. ஆராய்ந்தபோது, கை கால்களுக்குச் செல்லும் நரம்பிழைகள் சிதைந்திருந்தமை தெரிந்தது. நரம்பு மட்டுமன்றித் தசையும் நேரடியாகப் பாதிக்கப்படுவது பின்னர் தெளிவாயிற்று. இவ்விரண்டையும் சேர்த்தே இன்று ‘தீவிர சிகிச்சையில் ஏற்படும் தசைத் தளர்ச்சி’ என்கிறோம்.

தசை ஏன் இவ்வளவு விரைவாகக் கரைகிறது?

இதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை.

முதலாவது, நோயின் கடுமை. உடல் பெரும் தொற்றோடு போராடும்போது, காயத்தை ஆற்றவும் நோய் எதிர்ப்புப் பொருள்களை ஆக்கவும் புரதம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அதை உடல் தன் தசைகளையே உடைத்து எடுத்துக்கொள்கிறது. பஞ்ச காலத்தில் விதை நெல்லையே எடுத்து உண்பதைப் போன்றது இது. அந்நேரத்திற்கு உயிர் காக்கும். பின்னர் மீண்டும் விதைத்தே தீர வேண்டும்.

இரண்டாவது, அசைவின்மை. நம் தொடைத் தசைகள் நாள்தோறும் உடல் எடையைத் தாங்குவதாலேயே வலிமையோடு இருக்கின்றன. அந்தச் சுமை நின்றவுடன் அவை மெலியத் தொடங்கும். மூச்சுக்குரிய முதன்மைத் தசையான உதரவிதானமும் அப்படித்தான். மூச்சுவிடும் வேலை முழுவதையும் கருவியே செய்யும்போது, அது ஓரிரு நாள்களிலேயே மெலியத் தொடங்குகிறது.

மூன்றாவது, நரம்புகளுக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழற்சியால் பழுதுறுவது. இதனால் நரம்பிழைகள் தேவையான ஆக்சிஜனையும் ஊட்டத்தையும் பெற இயலாமல் போகின்றன. இரத்தச் சர்க்கரை உயர்வு இதற்குத் துணைபோகிறது. ஸ்டீராய்டு, தசைகளைத் தற்காலிகமாகச் செயலற்றதாக்கும் மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம். இம்மருந்துகளை மருத்துவர்கள் வேறு வழியில்லாத வேளையில், உயிர் காப்பதற்காகவே பயன்படுத்துகிறார்கள் என்பதை மறத்தலாகாது.

இங்கிலாந்தில் 63 தீவிர சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, தொடையின் முன்புறத் தசை ஒன்றின் பருமன் 10 நாள்களில் சராசரியாக 17.7 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. ஓர் உறுப்பு மட்டும் செயலிழந்தவர்களைவிடப் பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இழப்பு அதிகமாக இருந்தது. பத்தே நாளில் ஆறில் ஒரு பங்குத் தசையை இழந்தவரிடம், “கொஞ்சம் முயன்றால் எழுந்துவிடலாமே” என்று சொல்வது எவ்வளவு பொருந்தாத சொல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இது பக்கவாதமா?

பல குடும்பத்தார் அஞ்சிக் கேட்கும் கேள்வி இது. பக்கவாதம் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தைத் தாக்கும், வாய் கோணலாம், பேச்சுக் குழறலாம். தீவிர சிகிச்சையால் வரும் தளர்ச்சி இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். தோள், இடுப்பு, தொடை ஆகியவற்றில் மிகுதியாகத் தெரியும். முகத் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே, மருத்துவர் காலைக் கிள்ளிப் பார்க்கையில் நோயாளி முகத்தைச் சுளிப்பார். காலை இழுத்துக்கொள்ள மாட்டார். வலி தெரிகிறது, அறிவு விழித்திருக்கிறது, தசைதான் பணியவில்லை என்பது அதன் பொருள். நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தால் பாதங்களில் மரமரப்பும், பாதம் தொங்கிப்போதலும் காணப்படும்.

நோயாளி விழித்து, சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்ததும், படுக்கையருகிலேயே தசை வலிமையை மதிப்பிடலாம். தோளை உயர்த்துதல், முழங்கையை மடக்குதல், மணிக்கட்டை நிமிர்த்துதல், தொடையைத் தூக்குதல், முழங்காலை நீட்டுதல், பாதத்தை மேல்நோக்கி மடித்தல் என்னும் ஆறு அசைவுகளை இரு பக்கமும் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 60. அது 48க்குக் கீழ் இருந்தால் இத்தளர்ச்சி இருப்பதாகக் கொள்வர். சிலருக்கு நரம்பு, தசைகளின் மின்னோட்டப் பரிசோதனையும் தேவைப்படலாம். உங்கள் நோயாளியின் மதிப்பெண் எவ்வளவு என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். அடுத்த வாரம் அது கூடியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் எண்ணில் தெரியும்.

அசைவே மருந்து, அதற்கும் அளவு உண்டு

ஒரு காலத்தில், கருவியில் இருப்பவரை அசைக்கவே கூடாது என்று கருதினர். 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. 104 நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு, கருவியில் இருந்த தொடக்க நாள்களிலேயே, நாள்தோறும் மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கச் செய்து, இயன்முறைப் பயிற்சியும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியும் அளித்தனர். மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது அவர்களுள் 59 விழுக்காட்டினர் தம் அன்றாடச் செயல்களைத் தாமே செய்யும் நிலையில் இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 35 விழுக்காட்டினரே அந்நிலையை எட்டினர்.

அப்படியானால் எவ்வளவு அதிகம் அசைக்கிறோமோ அவ்வளவு நல்லதா? 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. 750 நோயாளிகளிடம் நடந்த அவ்வாய்வில், வழக்கமான அளவைவிடக் கூடுதலாக எழுப்பிப் பயிற்சி அளித்ததால் தனிப்பயன் விளையவில்லை. இதயத் துடிப்பு மாறுதல், ஆக்சிஜன் குறைதல் போன்ற இடர்கள் சற்று மிகுதியாயின. எனவே, அசையாமல் கிடத்துவதும் தவறு; ஆர்வ மிகுதியால் அளவு மீறுவதும் தவறு. அந்த அளவை இயன்முறை மருத்துவர் நாள்தோறும் பார்த்து வகுப்பார். “இன்று இவ்வளவு போதும்” என்று அவர் சொன்னால் அதுவும் சிகிச்சைதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் குடும்பத்தார் செய்யக் கூடியவை

பார்வை நேரம் குறுகியது. அதற்குள் செய்யக் கூடிய நற்பணிகள் சில உண்டு.

நோயாளியின் பெயரையும் உறவையும் சொல்லி அழையுங்கள். இன்று என்ன கிழமை, மணி என்ன, எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். அவர் மூக்குக் கண்ணாடியோ காது கேட்கும் கருவியோ அணிபவராயின், செவிலியரிடம் கேட்டு அதைக் கொண்டுவந்து கொடுங்கள். இவை மனக்குழப்பத்தைத் தணிக்க உதவும். தெளிவாக இருப்பவரே பயிற்சிக்கு ஒத்துழைக்க முடியும்.

அவர் கைக்குள் உங்கள் விரலை வைத்து, “அழுத்துங்கள்” என்று சொல்லுங்கள். அழுத்த முடியாவிட்டால், “சரி, நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்லிவிடுங்கள். மூட்டுகளை மடக்கி நீட்டும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்த பின்னரே செய்யுங்கள். குழாய்களும் ஊசிகளும் இருக்கும் பக்கத்தைத் தொடுமுன் செவிலியரிடம் கேளுங்கள்.

மருத்துவரிடம் இக்கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மயக்க மருந்தை எப்போது குறைப்பீர்கள்? இயன்முறைச் சிகிச்சை தொடங்கிவிட்டதா? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? புரதம் போதிய அளவு செல்கிறதா?

வீட்டை ஆயத்தப்படுத்துதல்

வீடு திரும்பும் நாளுக்கு முன்பே வீட்டைச் சற்று மாற்றியமைக்க வேண்டும்.

கயிற்றுக் கட்டிலைத் தவிருங்கள். அது தாழ்வானது, நடுவில் குழியும். தொடை வலிமை இழந்தவரால் அதிலிருந்து எழ முடியாது. உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் நன்கு பதியும் உயரத்தில், உறுதியான மரக்கட்டிலோ இரும்புக் கட்டிலோ வேண்டும். நாற்காலி கைப்பிடி உள்ளதாக இருக்கட்டும். இலேசான பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது பின்னால் சறுக்கும். வேறு இல்லையென்றால் அதைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

தரையில் குந்தி அமரும் கழிப்பறையைப் பல மாதங்களுக்குப் பயன்படுத்த இயலாது. மேற்கத்திய முறைக் கழிப்பறை இல்லாத வீட்டில், நடுவில் துளையிட்ட கழிப்பு நாற்காலியை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்துக்கொள்ளலாம். குளியலறைத் தரை ஈரமின்றி இருக்க வேண்டும். மிதியடிகள், மடிந்து கிடக்கும் பாய்கள், நடைவழியில் ஓடும் மின்கம்பிகள் ஆகியவற்றை அகற்றுங்கள். வேட்டி காலில் சிக்கினால் விழுந்துவிடுவார்; தொடக்கத்தில் கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடையும், பின்பட்டை உள்ள செருப்பும் நல்லது. வாசற்படியில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்தால் முற்றத்திற்கு வந்து அமர்வது எளிதாகும்.

எழுப்புதலும் நடத்துதலும்

தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு பிசகக் கூடும். நோயாளியைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஊன்றச் செய்து, முன்னோக்கிச் சாயச் சொல்லுங்கள். நீங்கள் எதிரில் நின்று அவருடைய இடுப்பின் இரு பக்கமும் பற்றிக்கொள்ளுங்கள். இடுப்பில் அகன்ற பட்டை ஒன்று கட்டியிருந்தால் பற்றுவது எளிது. “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி, அவர் எழும் முயற்சிக்குத் துணையாக மட்டும் தாங்குங்கள். அவர் செய்யக் கூடிய பங்கை அவரே செய்ய வேண்டும். பயிற்சியின் பயன் அந்தப் பங்கில்தான் இருக்கிறது.

பயிற்சி படிப்படியானது. முதலில் கட்டில் விளிம்பில் துணையோடு அமர்தல், பிறகு துணையின்றி அமர்தல், நாற்காலிக்கு மாறுதல், எழுந்து நிற்றல், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்குதல், நடத்தல், கடைசியாகப் படியேறுதல். ஒரு படி கைவரும் முன் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். ஒரே வேளையில் அரை மணி நேரம் வருத்துவதைவிட, ஐந்து ஐந்து நிமிடங்களாக நாளில் நான்கைந்து முறை செய்வது தாங்கக் கூடியது.

அளவு சரிதானா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. பயிற்சியின்போது நோயாளி ஒரு முழு வாக்கியத்தை இடைநிறுத்தாமல் பேச முடிந்தால் அளவு சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நிறுத்தி அமரச் செய்யுங்கள். மறுநாள் முழுதும் படுக்கையை விட்டு எழ முடியாத களைப்பு வந்தால், முந்திய நாளின் அளவு மிகுதி என்று பொருள்.

பால் கணக்கு எழுதுவதுபோல் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வையுங்கள்: எத்தனை முறை எழுந்து நின்றார், எத்தனை அடி நடந்தார், என்ன உண்டார். “ஒரு முன்னேற்றமும் இல்லை” என்று மனம் சோரும் நாளில், முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

உணவு

வீடு திரும்பியவருக்கு வெறும் அரிசிக் கஞ்சியே உகந்தது என்பது நம்மிடையே ஊறிய வழக்கம். கஞ்சி எளிதில் செரிக்கும். ஆனால் அதில் தசையைக் கட்டும் புரதம் மிகக் குறைவு. தேறிவருபவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 72 முதல் 90 கிராம் ஆகும்.

இதற்கு விலையுயர்ந்த மாவுப் பொடிகள் கட்டாயமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. 200 மில்லி பாலிலோ தயிரிலோ 6 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, துவரம்பருப்பு ஆகியவற்றில் 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை உண்டு. தோலின்றி வேகவைத்த கோழிக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பின் பங்கைக் கூட்டி நன்கு குழைய வேகவைக்கலாம். கொள்ளுப் பருப்பையும் பச்சைப்பயறு கடைசலையும் சோற்றோடு சேர்க்கலாம். இராகிக் கூழைப் பாலிலோ மோரிலோ கரைத்துக் கொடுக்கலாம். பசி குறைவாக இருக்கும் என்பதால், மூன்று பெரிய வேளைகளை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரத அளவு வேறுபடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டலாகாது. சர்க்கரை நோயாளிகளுக்கு உணவோடு மருந்தின் அளவையும் சரிபார்க்க வேண்டும்.

நெடுநாள் குழாய் இருந்த தொண்டையில் விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கலாம். நேராக அமர்ந்தே உண்ண வேண்டும். உண்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமல், அடிக்கடி புரையேறுதல், உண்டபின் குரல் கரகரத்தல் ஆகியவை தென்பட்டால், உணவு நுரையீரலுக்குள் செல்வதற்கான அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மனமும் தளர்கிறது

தீவிர சிகிச்சையிலிருந்து மீண்டவர்களுக்குக் கெட்ட கனவு, தூக்கமின்மை, மறதி, எளிதில் சினம், காரணமற்ற அழுகை ஆகியவை வரலாம். மருத்துவமனையில் நடந்தவற்றைப் பற்றித் தவறான நினைவுகளும் இருக்கலாம். ஊரே மதித்த ஒருவர், பிறர் கையால் உண்ணவும் பிறர் துணையோடு கழிப்பறைக்குச் செல்லவும் நேரும்போது கூசிப்போகிறார். சிலர் அக்கூச்சத்தால் தண்ணீரையும் உணவையும் குறைத்துக்கொள்கின்றனர். அவரைப் பிடிவாதக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். பிறர் முன்னிலையில் அவரைப் பற்றிப் பேசாமல் அவரோடு பேசுங்கள். தோட்டத்துக் கணக்கோ, பேரனின் பள்ளிக்கூடச் செய்தியோ, வீட்டு முடிவு எதுவாயினும் அவருடைய கருத்தையும் கேளுங்கள். காண வரும் உறவினர் கூட்டத்தைச் சில வாரங்களுக்கு அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பவரும் களைத்துப்போவார். பெரும்பாலும் வீட்டுப் பெண் ஒருவரே இரவும் பகலும் அப்பொறுப்பைச் சுமக்கிறார். முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். மனச்சோர்வு இரு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, வாழவே விருப்பமில்லை என்ற சொல் வந்தாலோ, மருத்துவரை நாடுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். நோயாளியும் பேசலாம், பராமரிப்பவரும் பேசலாம்.

எவ்வளவு காலம் ஆகும்?

தசை மட்டும் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலிமை திரும்பும். நரம்பிழை சிதைந்திருந்தால் காலம் நீளும். நரம்பு ஒரு நாளில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும். மாதத்திற்கு ஓர் அங்குலம் என்று கொள்ளலாம். ஆகவே தொடை முதலில் தேறுவதும், பாதமும் விரல்களும் கடைசியில் தேறுவதும் இயல்பே.

கனடாவின் டொராண்டோ நகரில், கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு புகழ்பெற்றது. தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளிவந்தபோது அவர்கள் தம் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தனர். 6 நிமிடத்தில் நடக்கக் கூடிய தொலைவு 3 மாதத்தில் 281 மீட்டராக இருந்து, ஓராண்டில் 422 மீட்டராக உயர்ந்தது. ஐந்தாம் ஆண்டில் அது 436 மீட்டர்; அவர்தம் வயதினர் நடக்கக் கூடியதில் 76 விழுக்காடு. இவை நடுநிலை அளவுகள். ஒவ்வொருவரும் சற்று வேறுபடுவர். இவ்வெண்கள் ஒளிவுமறைவின்றி இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஓராண்டில், குறிப்பாக முதல் ஆறு மாதங்களில் நிகழ்கிறது. ஆகவே அக்காலத்தை வீணாக்கலாகாது. சிலருக்கு முழு வலிமையும் திரும்பாமல் போகலாம். அது அவருடைய முயற்சிக் குறைவால் அன்று. பழைய வேலைக்கோ இருசக்கர வாகனத்திற்கோ திரும்புவதை மருத்துவரோடு பேசி, பகுதி நேரமாகத் தொடங்குங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்

திடீரென ஒரு பக்கம் மட்டும் செயலிழத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல். மார்பு வலி, கூடிவரும் மூச்சுத் திணறல். ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும். காய்ச்சலோடு குளிர் நடுக்கம். புதிதாகத் தோன்றும் மனக்குழப்பம். தேறிவந்த வலிமை மீண்டும் நாளுக்கு நாள் குறைதல். இடுப்பு, குதிகால் பகுதிகளில் தோல் சிவந்து புண்ணாதல். முதல் இரண்டும் தென்பட்டால் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

வீட்டிற்கே வரும் உதவி

நாள்தோறும் நகரத்திற்கு வந்து பயிற்சி பெற எல்லோராலும் இயலாது. வாடகை வண்டிச் செலவும், உடன் வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலியும் பெரிய சுமை. அதனாலேயே பலர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுகின்றனர். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகளோடு, படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் இத்திட்டத்தின் பணிகளுள் ஒன்று. மருத்துவமனையிலிருந்து செல்லும்போது பெற்ற சுருக்க அறிக்கையுடன் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகிக் கேளுங்கள். அவ்வறிக்கையில் தசை வலிமை மதிப்பெண்ணையும் பயிற்சிக் குறிப்பையும் எழுதித் தருமாறு எம் மருத்துவர்களிடம் கேட்டுப் பெறுங்கள். வீட்டிற்கு வரும் இயன்முறை மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர அது உதவும்.

நிறைவாக

உயிர் காக்கும் பணி மருத்துவமனையில் நடக்கிறது. வலிமையை மீட்கும் பணியின் பெரும்பகுதி வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் நடக்கிறது. முதல் நாள் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் அமர்ந்தவர், சில வாரங்களில் வாசல்வரை வருவார். அன்று அவருக்கு முன்னால் நடந்து வழிவிடுங்கள். தூக்கிச் செல்ல முந்தாதீர்கள். அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது அந்தக் கணக்கு நோட்டையும் தவறாமல் கொண்டுவாருங்கள். மருந்துச் சீட்டோடு சேர்த்து அதையும் நாங்கள் பார்க்க விரும்புகிறோம்.